வைக்கோலும் காளானும்: சிறு குடிலின் வரவு செலவு
(வட்டார வளர்ச்சி அலுவலர், செஞ்சி)

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல்லும் மணிலாவும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதை நம் வட்டாரத்தார் யாவரும் அறிவர். நெல்லுக்கு ஒவ்வொரு காசாக விலை பேசும் நாம், அதன் தாளுக்கு அவ்வளவு கருத்துடன் விலை பேசுவதில்லை. அறுவடை முடிந்ததும் வைக்கோல் மாட்டிற்குப் போகிறது. மாடில்லாத வீட்டார் வந்த விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். இயந்திரம் அறுத்த வயல்களில், கட்டுக் கட்டும் கூலிகூடக் கட்டுபடியாகவில்லை என்று சிலர் வைக்கோலை வயலிலேயே விட்டுவிடுவதும் உண்டு. இத்தகைய வைக்கோல் அரை கிலோவிலிருந்து ஏறக்குறைய அதே எடையுள்ள காளானை ஒன்றரை மாதத்தில் எடுக்கலாம் என்றால் கேட்போர் வியப்பர். எனினும் அது மெய்யே.

இம்மெய்யை மட்டும் கேள்வியுற்றுக் குடில் அமைக்கப் புறப்படுவோர் இப்போது பெருகி வருகின்றனர். மகளிர் சுய உதவிக் குழுக்கள் கடன் கோருகின்றன. ஊராட்சி உறுப்பினர்கள் பரிந்துரை செய்யுமாறு வேண்டப்படுகின்றனர். வைக்கோல் எவ்வளவு காளான் தரும் என்பது ஒரு கணக்கு. அந்தக் காளான் எவ்வளவு பணம் தரும் என்பது வேறொரு கணக்கு. முதற் கணக்கில் தேறியவர் இரண்டாவதில் தவறிவிட்டால், குழுவின் சேமிப்பும் கடனும் சேர்ந்து கரையும். ஆகவே இரண்டையும் இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

காட்டுக் காளானும் வீட்டுக் காளானும்

காளான் செடி இனத்தைச் சேர்ந்ததன்று. அதற்குப் பச்சையம் இல்லை. ஆதலால் வெயிலைக்கொண்டு தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. வைக்கோல், மரத்துண்டு, சருகு முதலியவற்றிலுள்ள நார்ப்பொருளைக் கரைத்து உண்டே வளர்கிறது. இதனால்தான் நிலமில்லாதவரும் வீட்டின் பின்புறத்துக் குடிலில் இதனை வளர்க்க முடிகிறது.

மழை பெய்து ஓய்ந்ததும் புற்றுகளின்மேல் முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். அந்தச் சுவைக்கு ஈடில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கறையானோடு கூடி வாழும் இனம். குடிலில் வளர்ப்பதற்கு வசப்படாதது. மேலும், காட்டுக் காளானில் நச்சுள்ளது எது, நல்லது எது என்று பிரிப்பதற்கு நம்மவர் கையாளும் சோதனைகள் சிறிதும் நம்பத்தக்கவை அல்ல. வெள்ளிக் காசு கறுக்கவில்லை, மஞ்சள் நிறம் மாறவில்லை, பூச்சி கடித்திருக்கிறது என்பன போன்ற அடையாளங்களை நம்பி உண்டு உயிரிழந்தோர் உலகெங்கும் உளர். குடிலில் வளர்க்கும் காளானில் இந்த ஐயத்திற்கு இடமில்லை. விதைத்த இனமே விளைகிறது. எனவே படுக்கையில் வேற்றினக் காளான் ஏதேனும் தலைகாட்டினால் அதைப் பறித்துப் புதைத்துவிட வேண்டும், சமையலுக்குக் கொண்டுபோகலாகாது.

தமிழ்நாட்டிற்கு இத்தொழில் புதியதுமன்று. கோயம்புத்தூரில் 1943ஆம் ஆண்டிலேயே வைக்கோல் காளானைப் பயிரிடும் முறை ஆராய்ந்து கூறப்பட்டது. சிப்பிக் காளானை முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியர் மரக்கட்டைகளில் வளர்த்துப் பார்த்தனர். நெல் வைக்கோலில் அதனை வளர்க்கும் வழியை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 1962இல் வெளியிட்டனர். பின்னர் வெப்பம் மிகுந்த சமவெளிக்கு ஏற்ற பால் காளானில் ‘ஏ.பி.கே. 2’ என்னும் இரகத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் அளித்தது. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரே அவ்வெழுத்துகளில் அடங்கியுள்ளது. கடைகளில் பெட்டியில் அடைத்து விற்கும் மொட்டுக் காளான் நீலகிரி போன்ற குளிர்ந்த இடங்களுக்கு உரியது. சமவெளியில் அதற்குக் குளிரூட்டும் இயந்திரம் வேண்டும். அது நமக்கு வேண்டாம்.

சத்தைப் பற்றி ஒரு சொல். காளானை இறைச்சிக்கு நிகர் என்று விளம்பரம் செய்வோர் உளர். பசுங்காளானில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர். 100 கிராமில் புரதம் ஏறத்தாழ 3 கிராம். துவரம் பருப்பு 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. காய்கறிகளோடு ஒப்பிட்டால் காளான் உயர்ந்தது, பருப்போடு ஒப்பிட்டால் அன்று. வாங்குவோரிடம் இவ்வளவே சொல்லுதல் நேர்மை. சுவைக்காகவே வாங்குவோர் போதிய அளவில் இருக்கின்றனர்.

திறன் என்பது யாது?

காளான் வளர்ப்பில் விளைச்சலை ஏக்கர்க் கணக்கில் அளப்பதில்லை. படுக்கையில் இட்ட வைக்கோலின் உலர்ந்த எடை எவ்வளவு, அதிலிருந்து பறித்த பசுங்காளானின் எடை எவ்வளவு என்று ஒப்பிட்டு நூற்றுவீதத்தில் கூறுவர். இதனை ‘உயிரியல் திறன்’ என்பர். ஐந்து கிலோ வைக்கோலில் நான்கு கிலோ காளான் எடுத்தால் திறன் நூற்றுக்கு 80. நன்கு கவனித்த சிப்பிக் காளான் படுக்கை நூற்றுக்கு நூறும் தரும், அதனினும் சிறிது கூடுதலாகவும் தரும். கவனம் குறைந்தால் 40, 50 என்று இறங்கிவிடும். முன்னே கூறிய வைக்கோல் காளானின் திறனோ 10 முதல் 15 வரையில்தான். கோயம்புத்தூரில் முதலில் ஆராயப்பட்ட இனம் பின்தங்கிச் சிப்பியும் பால் காளானும் முன்னேறியதற்கு இதுவே காரணம்.

தம் குடிலின் திறனை அறிய எவரும் பெரிய படிப்புப் படிக்க வேண்டியதில்லை. ஒரு தராசும் ஒரு குறிப்பேடும் போதும். ஒவ்வொரு நாளும் அமைக்கும் படுக்கைகளுக்குத் தேதி எழுதிய சீட்டைக் கட்டிவிட வேண்டும். பறிக்கும்போதெல்லாம் அந்தத் தேதிக்கு நேரே எடையை எழுதி வர வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 படுக்கைகளில் உலர்ந்த வைக்கோல் 5 கிலோ என்றும், முதற் பறிப்பில் 2.1 கிலோ, இரண்டாம் பறிப்பில் 1.2 கிலோ, மூன்றாம் பறிப்பில் 0.7 கிலோ கிடைத்தன என்றும் கொள்வோம். மொத்தம் 4 கிலோ, திறன் 80. அடுத்த வாரத்துப் படுக்கையில் இது 60 ஆகக் குறைந்தால், வித்து பழையதா, வைக்கோல் நனைந்ததா, குடிலில் உஷ்ணம் ஏறியதா என்று உடனே தேடலாம். ஏடு இல்லாத வீட்டில் மூன்று மாதம் கழித்தே நட்டம் தெரியவரும். அதற்குள் கைம்முதல் போய்விடும்.

படுக்கை அமைத்தல்

பொன்னிறமான, அந்த ஆண்டு அறுவடையான, மழையில் நனையாத வைக்கோலே ஏற்றது. அறுவடைக்குச் சற்று முன்னர் மருந்து தெளித்த வயலின் வைக்கோலைத் தவிர்த்தல் நன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தில் கொட்டிய மழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய மழைக்கு முன்பே இரண்டு மாதத்திற்கான வைக்கோலை மேடான இடத்தில் கூரையின்கீழ் சேர்த்து வைக்காதவர் குடிலை மூட வேண்டியதுதான். போரின் மேற்புறம் நனைந்து கறுத்த வைக்கோல் மாட்டிற்கே ஆகாது, காளானுக்கு எப்படி ஆகும்?

வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நல்ல நீரில் ஐந்து மணி நேரம் ஊறவைத்து, பின் கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். வேகவைப்பது வைக்கோலிலுள்ள வேற்றுப் பூசணங்களைக் கொல்வதற்காக. விறகைச் சிக்கனம் செய்வதாக எண்ணி இதைப் பாதியில் இறக்குவோர் படுக்கையில் பச்சைப் பூசணத்தைக் காண்பர். வெந்த வைக்கோலைத் தூய விரிப்பில் பரப்பி ஆறவிட்டு, கையில் அள்ளிப் பிழிந்தால் நீர் சொட்டாமலும், அதே வேளையில் உள்ளங்கையில் ஈரம் தெரியுமாறும் இருக்கும் பதத்தில் எடுக்க வேண்டும். இந்தப் பதம் கைப்பழக்கத்தால் வருவது. இட்லி மாவின் பதம் அறிந்த பெண்களுக்கு இது ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள பாலித்தீன் பையின் நடுவில் இரு சிறு துளைகளிட்டு, அடியைக் கட்டி, வைக்கோலை இரண்டு அங்குல உயரத்திற்கு இட்டு, அதன் ஓரத்தைச் சுற்றிக் காளான் வித்தைத் தூவ வேண்டும். இவ்வாறு ஐந்து அடுக்குகள் இட்டு வாயைக் கட்டினால் ஓர் உருளைப் படுக்கை ஆயிற்று. சிறு பொட்டல வித்து ஒன்று இரண்டு படுக்கைகளுக்குப் போதும். வித்து என்பது வெந்த சோளத்தில் காளானின் வெண்ணிற இழைகளைப் படரவிட்டு ஆய்வகத்தில் ஆக்கப்படுவது. இதை வீட்டிலேயே ஆக்க முயலுதல் தொடக்கத்தில் வேண்டாத வேலை. பொட்டலம் முழுதும் வெண்மையாகப் படர்ந்து, பச்சை, கறுப்பு, மஞ்சள் புள்ளிகள் எவையும் இல்லாதிருத்தல் அவசியம். ஒரு மாதத்திற்கு மேற்பட்டதை வாங்கலாகாது.

படுக்கைகளை உறிபோலக் கயிற்றில் நான்கு அடுக்காகத் தொங்கவிட்டால் இடம் மிச்சமாகும். பதினைந்து முதல் இருபது நாளில் வைக்கோல் முழுதும் வெண்பூசணம் படரும். பின்பு பையைக் கிழித்து நாளுக்கு இருமுறை நீர் தெளித்துவந்தால் மூன்றாம் நாள் குண்டூசித் தலையளவு மொட்டுகள் தோன்றும்; மேலும் மூன்று நாளில் பறிக்கலாம். நீர் தெளிப்பதற்கு முன்னரே பறித்தல் வேண்டும். நனைந்த காளான் விரைவில் அழுகும். மூன்று பறிப்புகளும் முடிய 35 முதல் 45 நாளாகும். காளான் முற்றி ஓரம் சுருளும்வரை விட்டால் கண்ணுக்குத் தெரியாத விதைத்தூள் குடிலெங்கும் பரவும். அது சிலருக்கு இருமலையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். எனவே இளம் பருவத்திலேயே பறிப்பதும், குடிலுக்குள் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வதும் நல்லது. ஈக்கள் நுழையாதிருக்கச் சன்னல்களுக்கு நைலான் வலை அடித்தாக வேண்டும். காளானின்மேல் பூச்சிமருந்து தெளிப்பது அறவே கூடாது.

நம் ஊரின் வெப்பத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளும் பாறையடுக்குகளே. பகலில் காய்ந்த பாறை இரவிலும் அனல் வீசுவதைச் செஞ்சியில் கோடையைக் கழித்தோர் அறிவர். சிப்பிக் காளான் 25 முதல் 30 டிகிரி செல்சியசுக்குள் செழிப்பது. அதற்கு ஐப்பசி முதல் மாசி முடிய உள்ள காலம் உகந்தது. பங்குனி பிறந்தால் பால் காளானுக்கு மாறிவிட வேண்டும். அது 30 முதல் 35 டிகிரியைத் தாங்கும். பால் காளானில் ஒரு வேலை கூடுதல். பூசணம் படர்ந்த படுக்கையை இரண்டாக அறுத்து, வேகவைத்துத் தூய்மை செய்த தோட்டமண்ணைச் சிறிது சுண்ணாம்புத் தூளுடன் கலந்து மேலே முக்கால் அங்குலம் பரப்ப வேண்டும். இந்த வேலைக்குப் பயனும் உண்டு: பறித்த பால் காளான் மூன்று நாளேனும் கெடாமல் நிற்கும்; சிப்பியோ ஒரு நாளில் வாடிவிடும். கீற்றுக் கூரையும், தரையில் ஆற்று மணலும், சுற்றிலும் ஈரச் சாக்கும் இரு இனங்களுக்கும் வேண்டும். தகரக் கூரை வேய்ந்த குடில் சித்திரையில் அடுப்பாகிவிடும்.

வரவும் செலவும்

இனிக் கணக்கிற்கு வருவோம். கீழே தரப்படும் விலைகள் கணக்கின் போக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. ஒவ்வொருவரும் தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்க.

நாளொன்றுக்கு 10 படுக்கைகள் அமைப்பதாகக் கொள்வோம். ஒரு படுக்கையின் ஆயுள் 45 நாள். ஆகவே எந்த நாளிலும் குடிலில் 450 படுக்கைகள் தொங்கும். இதற்கு ஏறத்தாழ 300 சதுர அடிக் குடில் வேண்டும். அதற்கு ரூ.45,000 செலவாகி, மூன்றாண்டு நிற்பதாகவும், ஆண்டுக்கு 300 நாள் வேலை நடப்பதாகவும் கொண்டால், ஒரு படுக்கையின் தலையில் விழும் தேய்மானம் ரூ.5. வைக்கோல் அரை கிலோவுக்கு ரூ.3, வித்து ரூ.20, பை ரூ.3, விறகும் நீரும் ரூ.4, பொட்டலம் கட்டுவதும் கொண்டுபோவதும் ரூ.5. ஆக ஒரு படுக்கைக்கு ரூ.40. இதில் வீட்டாரின் உழைப்பிற்குக் கூலி சேர்க்கப்படவில்லை.

திறன் நூற்றுக்கு நூறானால் ஒரு படுக்கையில் 500 கிராம் கிடைக்கும். ஒரு கிலோவின் அடக்க விலை ரூ.80. திறன் 80 ஆனால் அடக்கம் ரூ.100. 60 ஆனால் ரூ.133. 50 ஆனால் ரூ.160. செலவு எள்ளளவும் மாறவில்லை. அடக்க விலை மட்டும் இரு மடங்காகிவிட்டது. கிலோ ரூ.160க்கு விற்பதாகக் கொண்டால், 80 திறனுள்ள குடிலில் நாளுக்கு 4 கிலோ விற்று ரூ.640 வரவு, ரூ.400 செலவு, ரூ.240 மிச்சம். 50 திறனுள்ள குடிலில் மிச்சம் ஒரு காசும் இல்லை. மூன்று நான்கு மணி நேர வேலைக்கு ரூ.240 என்பது பெருந்தொகையன்று. நிலமில்லாத குடும்பத்தில், வீட்டை விட்டு வெளியே செல்லாமல், ஆண்டு முழுதும் கிடைக்குமானால் அது புறக்கணிக்கத்தக்கதும் அன்று. 300 நாளுக்கு ரூ.72,000 ஆகிறது.

இதே 80 திறனுள்ள குடிலில் நாள்தோறும் ஒரு கிலோ விற்காமல் வாடிப்போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வரவு ரூ.480 ஆகக் குறைகிறது. செலவு அதே ரூ.400. மிச்சம் ரூ.80. விளைச்சலில் கால் பங்கு வீணானால் இலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது! வைக்கோலில் திறனை 80இலிருந்து 100க்கு உயர்த்த எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது வளர்ப்போருக்குத் தெரியும். அந்தப் பாட்டில் பாதியை விற்பனையில் செலுத்தினால் அந்த ஒரு கிலோவைக் காப்பாற்றலாம்.

மற்றொரு கேள்வியும் எழுவதுண்டு. மூன்றாம் பறிப்பு மிகச் சிறியது; அதற்காகப் பன்னிரண்டு நாள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைவிட, இரண்டாம் பறிப்போடு படுக்கையை எடுத்துவிட்டுப் புதிதாக அமைத்தால் என்ன? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். 450 படுக்கை கொள்ளும் குடிலில் 33 நாளுக்கொருமுறை மாற்றினால் நாளுக்கு ஏறத்தாழ 13 அல்லது 14 படுக்கைகள் அமைக்கலாம். நாள் விளைச்சல் 4 கிலோவிலிருந்து நாலரைக் கிலோவாக உயரும். கூடுதல் அரை கிலோவுக்கு ரூ.80 வரும். கூடுதலாக அமைக்கும் மூன்று நான்கு படுக்கைகளுக்கு வித்து, பை, விறகு என்று ரூ.100க்கு மேல் போகும். ஆகவே இது நட்டமே. வித்தே மிகப்பெரிய செலவாக இருக்கும்வரை, இட்ட வித்திலிருந்து கடைசிக் காளானையும் வாங்கிக்கொள்வதே முறை.

இருபது பொட்டலம்

நாலு கிலோ என்பது 200 கிராம் வீதம் இருபது பொட்டலங்கள். அப்படியானால் நாள்தோறும் இருபது பேர் வாங்க வேண்டும். குடில் எவ்வளவு பெரியது, மானியம் உண்டா என்று கேட்பதற்கு முன் இந்த இருபது பேர் யாவர் என்று கேட்க வேண்டும். செஞ்சி நகரத்துக் கடைத்தெரு, திண்டிவனம் - திருவண்ணாமலைச் சாலையிலுள்ள உணவு விடுதிகள், அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர் குடும்பங்கள் என்று தேடினால் ஆள் கிடைப்பர். 2025 ஜூலையில் நம் கோட்டை, மராட்டியர் இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுதியின் ஓர் அங்கமாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டை காண வருவோர் உண்ணும் விடுதிகளைக் குழுவினர் அணுகிப் பார்க்கலாம். மேல்மலையனூர் அமாவாசையும் திருவண்ணாமலைப் பௌர்ணமியும் முன்கூட்டியே தெரிந்த நாள்கள். அந்நாள்களில் எத்தனை கிலோ வேண்டும் என்று விடுதிக்காரரிடம் ஒரு மாதம் முன்பே கேட்டுப் படுக்கை அமைக்கலாம். புரட்டாசியில் புலால் தவிர்ப்போரையும் மறக்க வேண்டாம். காளானையும் தள்ளுகின்ற ஆசாரமுடைய வீடுகளும் உண்டென்பது நாம் அறியாததன்று. அங்கே வற்புறுத்துதல் வீண்.

இவ்விடத்தில் ஒரு தவற்றை எடுத்துக்காட்ட வேண்டியுள்ளது. கடன் கைக்கு வந்தவுடன் முந்நூறு படுக்கைகளை ஒரே வாரத்தில் அமைத்துவிட்ட குழுவினரை அறிவேன். மூன்றாவது வாரத்தில் எல்லாப் படுக்கைகளும் சேர்ந்து பூத்தன. ஐம்பது கிலோவுக்கு மேல் நான்கைந்து நாளில் வந்து குவிந்தது. கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்டார். பிறகு அதற்கும் வேண்டாம் என்றார். அடுத்த பத்து நாள் பறிக்க ஒன்றுமில்லை. அப்போது அதே கடைக்காரர் காளான் கேட்டு ஆளனுப்பினார். நாளுக்குப் பத்து என்ற வரிசையில் அவர்கள் அமைத்திருந்தால் இந்த அல்லல் நேர்ந்திராது. கறவை மாடு நாள்தோறும் பால் தருவதுபோல் குடிலும் நாள்தோறும் தர வேண்டும். கடைக்காரர் எதிர்பார்ப்பதும் அதுவே.

விற்காததை உலர்த்திவிடலாம் என்று சிலர் கூறுவர். பத்துக் கிலோ பசுங்காளான் உலர்ந்தால் ஒரு கிலோதான் தேறும். முன் கணக்கின்படி அந்த ஒரு கிலோவின் அடக்கம் ரூ.1,000. அவ்விலைக்கு மேல் கொடுத்து வாங்குவோரை முன்னரே அறிந்திருந்தாலன்றி, உலர்த்துதல் நட்டத்தைக் குறைக்கும் வழியேயன்றி இலாபத்திற்கு வழியாகாது. அன்றியும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எந்த வெயிலில் உலர்த்துவது?

வேறொரு வலையும் விரிக்கப்படுகிறது. வித்தும் பையும் தாமே தருவதாகவும், விளைந்த காளான் முழுவதையும் தாமே வாங்கிக்கொள்வதாகவும் கூறி முன்பணம் திரட்டுவோர் ஊருக்கு ஊர் வருகின்றனர். அவர்கள் அனைவரும் பொய்யர் என்று கூறவில்லை. ஆனால் வாங்கும் விலையும் பணம் தரும் நாளும் எழுத்தில் இல்லாத எந்த ஏற்பாட்டிலும் குழுவின் பணத்தை இறக்கலாகாது. பக்கத்து ஊரில் அவரிடம் மூன்று மாதமேனும் தொடர்ந்து பணம் பெற்றவர் எவரேனும் உண்டா என்று நேரில் சென்று விசாரித்தால் பெரும்பாலும் உண்மை விளங்கிவிடும்.

ஊராட்சி உறுப்பினர் கேட்க வேண்டியவை

பரிந்துரைக்கு வரும் குழுவிடம் முதலில் பயிற்சி பெற்றனரா என்று கேட்க வேண்டும். திண்டிவனத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையம் நமக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் உள்ளது. வேண்டுவோர் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும் நாடலாம். பயிற்சி பெற்றவர் இருவரேனும் குழுவில் இருத்தல் நலம். ஒருவர் வெளியூர் சென்றால் படுக்கைகள் நீரின்றிக் காயக்கூடாது. அடுத்து, கோடையில் நல்ல நீர் எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டும். உவர்நீர் படுக்கைக்கு ஆகாது.

கடனைப் பற்றியும் தெளிவு வேண்டும். படுக்கை அமைத்த நாள்முதல் விற்பனை ஒழுங்காக நடக்கத் தொடங்கும்வரை குறைந்தது 25 நாளாகும். நாளுக்கு ரூ.300 வீதம் அதுவரை ரூ.7,500 கையிலிருந்து போகும். குடிலுக்கு மட்டும் கடன் வாங்கி, இத்தொகையை எண்ணாமல் விடுவோரே முதல் மாதத்தில் வித்து வாங்கப் பணமின்றி நிற்கின்றனர். முதல் தவணையை இரண்டு மாதம் கழித்து வைத்துக்கொள்ளுமாறு வங்கியிடம் கேட்பதற்கு ஊராட்சியார் துணைநிற்கலாம். கேட்டால் மறுக்கும் மேலாளரும் உண்டு. கேளாமல் இருந்தால் கிடைக்கவே கிடைக்காது.

ஓர் ஊரில் ஒரு குழு நன்றாக நடத்தினால் மறு மாதமே ஐந்து குழுக்கள் அதே தொழிலுக்கு மனுச் செய்வது நம் வழக்கம். ஆறு குழுக்கள் நாளுக்கு நாலு கிலோ எடுத்தால் 24 கிலோ, 120 பொட்டலம். அவ்வளவையும் செஞ்சிச் சந்தை ஒன்றே வாங்காது. இரண்டாவது குழு திண்டிவனத்தையோ ஏறத்தாழ 40 கிலோமீட்டரிலுள்ள திருவண்ணாமலையையோ நோக்கி விற்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டு வந்தால் பரிந்துரை செய்யலாம். அன்றி, முதற் குழுவின் கடைக்காரரிடமே குறைந்த விலைக்குப் போட்டியிடுவதாயின் இரண்டும் கெடும்.

எல்லாவற்றிலும் எளிய சோதனை ஒன்றுண்டு. குடில் அமைப்பதற்கு முன், ஏற்கெனவே வளர்ப்பவர் ஒருவரிடமிருந்து நாளுக்கு இரண்டு கிலோ விலைக்கு வாங்கிப் பதினைந்து நாள் விற்றுப் பார்க்கலாம். பத்துப் பொட்டலமும் மாலைக்குள் தீர்ந்துவிட்டால் நாளுக்கு ஐந்து படுக்கைகளோடு தொடங்கலாம். தேங்கினால் போனது சில நூறு ரூபாயே. மூன்று மாதம் ஐந்து படுக்கைகளோடு நடத்தி, ஏட்டில் திறன் 75க்குக் குறையாமலும், விற்காமல் கழித்த எடை பத்தில் ஒரு பங்கிற்கு மிகாமலும் இருந்தால் பத்தாக உயர்த்தலாம்.

பறிப்பு முடிந்த படுக்கையின் வைக்கோலைச் சாலையோரம் கொட்டுவது ஈக்களுக்கு விருந்து வைப்பதாகும். பையைப் பிரித்தெடுத்துவிட்டு வைக்கோலைக் குடிலுக்கு வெகுதூரத்திலுள்ள எருக்குழியில் சாணத்தோடு சேர்த்தால் நன்கு மக்கும். மண்புழு உரத்திற்கும் ஏற்றது. இவ்வாண்டு சிப்பிக் காளான் தொடங்க எண்ணுவோர் ஆடி, ஆவணியிலேயே பயிற்சியையும் விற்பனைச் சோதனையையும் முடித்து, புரட்டாசிக்குள் கூரை வேய்ந்து, வைக்கோலைச் சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டும். மனுவோடு அந்தப் பதினைந்து நாள் விற்பனைக் குறிப்பையும் இணைத்துக் கொடுத்தால் ஒன்றிய அலுவலகத்தில் அதனை முதலில் எடுத்துக்கொள்வோம்.